ஆளில்லாமல் நீளும் கைப்பிடி

சாண்ட்னெஸ்ஷோன்,
பிப்ரவரி 24

பேரன்புக்குரிய மகள் யோருனுக்கு அப்பா ஓஸ்முன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் நீங்கலாக. அங்கே சிலியில் நீயும் மாப்பிள்ளையும் உங்கள் பண்ணை மீன்களும் நலமாக இருக்க வேண்டும். மெயிலில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஓடிவிடுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன்.

விஷயம் கார் கதவின் கைப்பிடி. நீ போகிறபோது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன அதே மின்சாரக் கார்தான். சாவி பக்கத்தில் வந்தால் கைப்பிடி தானாக வெளியே வரணும், சாவி போனால் கதவுக்குள் போயிடணும், அதற்கு வேறு வேலையே கிடையாது. ஜனவரியிலிருந்து சனிக்கிழமை தோறும், யாருமே இல்லாதபோது, நாலு கைப்பிடியும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, கூரையிலிருந்து பறக்கிற பனித்தூள் அவற்றின் பின்னால் போய் அடைகிறது, ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் உள்ளேயும் போவதில்லை, இழுத்தால் கதவு திறப்பதுமில்லை. போதாததற்கு டிரைவர் சீட்டு உன் குட்டைக் காலுக்கு ஏற்றபடி முன்னால் நகர்ந்திருக்கிறது, என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றினேன். பதினாலு டிகிரி உறைபனியில் அது கதவு முழுக்கக் கண்ணாடியாக நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் கப்பலில் எஞ்சின் பார்த்தவன் செய்கிற வேலையா என்று நீ கேட்க வேண்டாம், அம்மா கேட்டாச்சு. அப்புறம் அவளுடைய தலை உலர்த்தியை நீள வயரில் மாட்டி ஊதினேன், வீட்டு ஃப்யூஸ் போய், அடுப்படியில் வாஃபிள் பாதி வேக்காட்டில் செத்தது. கடைசியில் டிக்கி வழியாக ஏறி, இரண்டு சீட்டுக்கு நடுவே இடுப்பு மாட்டிக்கொண்டு கிடக்கிறேன், பனி வாருகிற வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிர்கர் எட்டிப் பார்க்கிறான்.

"என்னப்பா ஓஸ்முன், சொந்தக் காரையே திருடுறியா?"

சரி, மானம் போனது போகட்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன், ஹெட்டா என்கிற மெக்கானிக் பெண் மடிக்கணினியோடு வந்தாள். கணினியைக் காரில் சொருகி, ஒரு கோப்பை காபி குடிக்கிற நேரம் பார்த்தாள்.

"மாமா, கைப்பிடிமேல ஒரு தப்பும் இல்ல. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டாம் சாவி பக்கத்துல வந்துருக்கு. அரைமணி நேரம் நின்னுட்டுப் போயிருக்கு. அந்தச் சாவிக்குப் பதிஞ்சு வச்ச மாதிரி சீட்டும் நகர்ந்துருக்கு."

"ரெண்டாம் சாவி என் மககிட்டம்மா இருக்கு. சிலில."

"அப்போ உங்க மக வாராவாரம் வந்துட்டுப் போறாங்க, மாமா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போய் விறகு அடுக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை சன்னல் ஓரம் காவல் இருந்தேன். பதினோரு மணிக்கு அம்மா வெளியே வந்தாள், கையில் உன் நீலக் கம்பளிச் சட்டை. நாம் எங்கே கம்பளியைத் துவைக்கிறோம், உறைபனியில் காற்றுக் காட்டுவதுதானே வழக்கம். காருக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டினாள், நாலு கைப்பிடியும் வெளியே வந்தன. நீ நவம்பரில் எழுதினாயே, இனி எங்களுக்கு இங்கேதான், என் அறையைக் காலி பண்ணிவிடுங்கள் என்று. பள்ளி வாத்தியக் குழுவின் பழம்பொருள் சந்தைக்கு ஏழு பெட்டி நானே சுமந்துபோய்க் கொடுத்தேன். அதனால் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டேன்.

"எல்லாத்தையும் குடுத்தாச்சுன்னு சொன்னியே, குன்வோர்."

"எல்லாத்தையும்தான் குடுத்தேன். இது ஒன்னுதானே."

"அவளே வேணாம்னுட்டா."

"வேணாம்னா பூச்சி அரிக்க விட்டுருவாங்களா? திடீர்னு வந்து நின்னா குளிருக்கு எதப் போட்டுக்குவா, உங்க எஞ்சின் கோட்டையா?"

கம்பியில் தொங்கிய உன் சட்டையின் பையில் கையை விட்டேன். நீ மறந்துவிட்டுப் போன ரெண்டாம் சாவி, ஒரு படகு டிக்கெட், பாதி தின்ற சாக்லேட். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆக, கோளாறு சரியாகிவிட்டது. சிக்னல் வெளியே போகாதபடி சாவியை அலுமினியத் தாளில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டாச்சு. சட்டையையும் சந்தைக்குக் கொடுத்தாச்சு. உன் அறையில் நான் தூண்டில் சாமான் வைத்திருக்கிறேன், வசதியாக இருக்கிறது. எங்களை நினைத்து நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே, ஈஸ்டருக்கு அவ்வளவு தூரம் அலையவும் வேண்டாம். அம்மா பக்கத்தில் நின்று இப்படி எழுதச் சொல்கிறாள். பெற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் பிள்ளை போன இடத்தில் எப்படி வேர் பிடிப்பாள் என்கிறாள். நியாயம்தான்.

உன் அடுப்பு அணையாமல் எரியட்டும், உங்கள் மீன்களை நோய் அண்டாமல் இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: மேலே உள்ளதைப் படித்துத் தலையாட்டிவிட்டு அம்மா கடைக்குப் போயிருக்கிறாள், அதற்குள் இதை எழுதுகிறேன். சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. சாவியும் அதன் பையிலேயேதான் இருக்கிறது. போன சனிக்கிழமை அம்மா சளியோடு படுத்துவிட்டாள், நான்தான் கொண்டுபோய் மாட்டினேன். கைப்பிடி வெளியே வந்ததும் கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அரைமணி நேரம் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன், பிர்கருக்குத் தெரிய வேண்டாம். எனக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்கு. ஈஸ்டருக்கு வந்துடும்மா. அம்மா கேட்டால், நானாகத்தான் வந்தேன் என்று சொல்.