மூண்டாம் கட்டிலுக்குச் சாப்பாடு இல்லை

அண்டைக்கு எனக்கிருந்த வேலை, காலமை ஏழு மணிக்கு வார்டைப் பொறுப்பெடுக்கிறது. அவ்வளவுதான்.

கரம்பொன்னில இருந்து அந்தத் தீவு ஆஸ்பத்திரிக்கு நேர்ஸாய் வந்து ரெண்டாம் நாள். இரவு வேலை பாத்த புஷ்பம் அக்காவுக்கு முதல் படகைப் பிடிக்கவேணும். பையைத் தோளில கொழுவிக்கொண்டு, வாசல்படியில நிண்டபடிதான் ஒப்படைச்சவ.

"மூண்டாம் கட்டில் அண்ணைக்கு ஒண்டும் குடுக்காதையும். பத்து மணிப் படகில யாழ்ப்பாணம் போறார், பின்னேரம் குடலிறக்க ஒப்பரேசன். மிச்சம் புத்தகத்தில கிடக்கு."

நான் கெட்டிக்காரியெல்லோ. உள்ளங்கையில எழுதினனான்: 3, சாப்பாடு இல்லை. புத்தகத்தைத் திறக்கேல்லை.

மூண்டாம் கட்டிலில படுத்திருந்தவர் தேத்தண்ணி கேட்டார். ஏலாது எண்டன். டொக்டர் சொன்னால் சரிதான் எண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார், பாவம்.

எட்டு மணிக்கு அவற்ற மனிசி புட்டும் மீன்குழம்பும் கொண்டு வந்தா. மறிச்சுப்போட்டன். வீணாப் போகக்கூடாதெண்டு, அஞ்சாம் கட்டில்காரருக்கு நானே கோப்பையில போட்டுக் குடுத்தன்.

அவர் தயங்கினார். "எனக்குச் சாப்பிடக் கூடாதெண்டு ராத்திரி சொன்னவை, பிள்ளை."

"அது ராத்திரி. இப்ப நான் சொல்லுறன், சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அதையும் ஊத்தினன்.

ஒன்பதரைக்கு டொக்டர் வந்து, சூசையண்ணை படகுக்கு வெளிக்கிட்டிட்டாரோ எண்டு கேட்டார். நான் மூண்டாம் கட்டிலைக் காட்டினன். கையை உயர்த்தினது அஞ்சாம் கட்டில். மற்றக் கையால வாயைத் துடைச்சுக்கொண்டு.

நடந்தது இதுதான். காலில ஆணி குத்தின கந்தையா அண்ணைக்குக் கக்கூசுக்கு நடக்க ஏலாதெண்டு, சூசையண்ணை வாசலடியில இருந்த தன்ர மூண்டாம் கட்டிலை அவருக்கு விட்டுக் குடுத்திருக்கிறார். விடியக்காலமை தங்களுக்குள்ள மாறினது. புஷ்பம் அக்காவுக்கே தெரியாது. ஆனால் புத்தகத்தில அவ கட்டில் நம்பரை இல்லை, சூசையண்ணையின்ர பேரைத்தான் எழுதியிருந்தவ.

வலை இழுக்க ஏலாமல் ரெண்டு மாசமாய் அந்த நாளுக்குக் காத்திருந்த மனுசன். படகு அவரை விட்டிட்டுப் போச்சு. ஒப்பரேசன் ரெண்டு கிழமை தள்ளிப் போச்சு. கட்டிலடியில நிண்டு மன்னிப்புக் கேக்கேக்கை எனக்குக் கண் கலங்கிட்டுது.

"அழாதையும், பிள்ளை. குழம்பு நல்லாத்தான் இருந்தது," எண்டார்.

கந்தையா அண்ணைதான் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. அவருக்கு மிஞ்சினது வெறும் புட்டு.

அண்டையில இருந்து டொக்டற்ற உத்தரவு: வேலை மாறேக்கை ரெண்டு நேர்ஸ்மாரும் ஒவ்வொரு கட்டிலடியிலும் நிண்டு, பேர் கேட்டு, சத்தமாய் ஒப்படைக்கவேணும்.

இப்ப வார்டில எல்லாருக்கும் எல்லாற்ற வருத்தமும் மருந்தும் தெரியும். நான் ஒரு குளிசையைப் பிழையாச் சொன்னால், ஆறு கட்டிலிலயிருந்து திருத்தம் வருது.