குடியைக் கெடுத்த கொடி ரோஜா

"இனி இந்தக் கொல்லையில் நாட்டு ரோஜாவுக்குத்தான் இடம்!" என்று சேவுகப்பெருமாள் முழங்கினார். முழங்கியது குளியலறைக்குள். குழாயையும் திறந்துவிட்டிருந்தார். மனைவி நாகம்மை காதில் விழுந்துவிடக் கூடாதே!

காரைக்குடியில் அவர் வீட்டுக் கொல்லையை ஒரு கொடி ரோஜா ஆண்டுகொண்டிருந்தது. எங்கோ குளிர்தேசத்துச் சாதி. நாகம்மை ஆன்லைனில் வரவழைத்தபோது விரல் நீளம்தான். இப்போது மல்லிகையை அமுக்கி, கறிவேப்பிலையை நெரித்து, பக்கத்து வீட்டு லத்தீபாவின் மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தது. பூ பட்டன் அளவு. வாசம் பூஜ்யம். முள் மட்டும் தாராளம். துணிக்கொடியில் காய்ந்த அவருடைய வேட்டிகளுக்கெல்லாம் ஜன்னல் வைத்துவிட்டது.

குளித்துவிட்டு வந்து, பணிவாக எடுத்துச் சொன்னார்.

"குடி குடியைக் கெடுக்கும்பாக. இந்தக் கொடியும் கெடுக்குது நாகு. பேசாம ரெண்டு பன்னீர் ரோஜா வைப்போம். நம்ம மண்ணுக்கு ஏத்தது. வாசத்துக்குத் தேனீயும் வரும்."

"யாரு வேணா வரட்டும். என் ரோஜாவுல கை வச்சீக, நான் பொல்லாதவளா ஆயிருவேன்."

"இப்ப மட்டும்..."

"இப்ப மட்டும்?"

"நீ பொன்னால்ல இருக்கேன்னு சொல்ல வந்தேன்."

அவருக்கு ஒரு சுபாவம். மனைவி வேண்டாம் என்றால்தான் கை துறுதுறுக்கும். அதை வீரம் என்று நம்பியிருந்தார்.

கிருத்திகையன்று நாகம்மை குன்றக்குடி முருகன் கோயிலுக்குக் கிளம்பினாள். "அங்குட்டுக் கொல்லைப் பக்கமே போகாதீக. வந்து இலையை எண்ணிப் பார்ப்பேன்!"

அவள் தெருமுனை திரும்பியதும் மனிதர் கடப்பாரையைத் தூக்கினார். கொடியை அவர் வெட்ட, அவரைக் கொடி கிழிக்க, யார் யாரைப் பிடுங்குகிறார்கள் என்று சொல்ல முடியாத யுத்தம். நெற்றியில் கீறல். முழங்கையில் கீறல். வெளியே சொல்ல முடியாத இடத்திலும் கீறல். ஒருவழியாக வேரோடு சாய்த்து, நர்சரியில் வாங்கிய பன்னீர் ரோஜாக்களை நட்டு, திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்தார்.

நாகம்மை வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை. பன்னீர் ரோஜாவில் விரிந்திருந்த ஒற்றைப் பூவை முகர்ந்துவிட்டு மதில் பக்கம் குரல் கொடுத்தாள்.

"லத்தீபா! வேலை முடிஞ்சிருச்சு!"

"மாஷா அல்லா! அன்னைக்கு நீங்க வெட்டக் கூப்பிட்ட வேலையாளே முள்ளைப் பார்த்துட்டு ஓடிட்டாரேக்கா. யாரு வெட்டுனா?"

"எங்க வீட்டுக்காரகதான். அந்தச் சனியன் புடிச்ச கொடியைப் புகழ்ந்து புகழ்ந்து எனக்கு வாயே வலிக்குது."

சேவுகப்பெருமாள் துள்ளி எழுந்தார். கீறல் மீண்டும் உட்காரவைத்தது.

"அடிப்பாவி! நேரா வெட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"வாங்குனது நானு. நானே வெட்டச் சொன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீக. அதோட, சொன்னா வெட்டியிருப்பீகளாக்கும்?"

அவருக்கு ரோஷம் பொங்கியது. இவள் தலைகீழாகச் சொல்லித்தானே ஜெயிக்கிறாள்? அந்த வழியையே அடைத்துவிட்டால்?

"இந்தா பாரு நாகு! இனிமே நீ சொல்றதுக்கு மாறா ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டேன். என்ன சொல்றியோ, அதை அப்படியே செய்வேன்!"

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்!"

"அப்படின்னா, மாடித் தண்ணித் தொட்டியைக் கழுவிருங்க."