கலீல் பாய் மன்னிப்புக் கேட்கிறார்

கல்பைக் கழுவுகிறவர்கள் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. கல்பு என்றால் உள்ளம். கழுவ வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் இவர்கள் கழுவும்போது அழுக்குத் தண்ணீர் மட்டும் உங்கள் வீட்டு வாசலில் வந்து விழும். விழுந்த தண்ணீரை நீங்கள் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் பளபளவென்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

திருச்சி பெரிய கடைவீதியில் குடைக் கடை வைத்திருந்த கலீல் பாய் இந்த இனத்தின் மணிமகுடம். ஹஜ்ஜுக்குக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. புறப்படுமுன் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். மற்றவர்கள், “ஏதாச்சும் தப்பு இருந்தா பொறுத்துக்குங்க” என்று கையைப் பிடித்து ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கலீல் பாய்க்கு அந்த ‘ஏதாச்சும்’ பிடிக்காது. அது என்ன சுத்தம்? மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டாமா?

சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். அங்கே ரெங்கராஜ் என்பவர் பழைய வாடிக்கைக்காரர். வீடு நிறைய விருந்தாளிகள்.

“உங்களைப் பத்திப் புறம் பேசிட்டேன். மன்னிச்சுடுங்க.”

“அதனால என்ன பாய், விடுங்க.”

விடுவாரா? “இல்லீங்க, கேளுங்க. ஒரு குடை வாங்க ஒரு மழைக்காலம் முழுக்கப் பேரம் பேசற மகா கஞ்சன்னு சொல்லியிருக்கேன்.”

விருந்தாளிகள் இலையிலிருந்து தலை தூக்கினார்கள்.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“பக்கத்துக் கடைக்காரங்க, பஸ் கண்டக்டரு... அப்புறம் உங்க மாப்பிள்ளை.”

அடுத்து, மாதா கோயிலில் பாடும் சகாயம்மாள் டீச்சர். அவர் குரலைக் கேட்டால் தெருவில் ஆடுகள் பதில் சொல்கின்றன என்று தான் பேசியதை, அவரிடமே கண்ணீர் மல்க ஒப்புக்கொண்டார். டீச்சர் பெருந்தன்மையாக மன்னித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைத்தார்.

கலீல் பாய்க்கோ நாளுக்கு நாள் உள்ளம் லேசாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்த அவர் மனைவி மஜீதாவுக்குக் கால்தான் கனத்தது.

ஒரு மாலை தேநீரை ஊதிக்கொண்டே அவர் சொன்னார்: “நாளைக்கு ஹனீஃபா பாய்.”

மஜீதா தன் தம்ளரைத் தரையில் வைத்தாள். அரியமங்கலத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஹனீஃபாவின் மகனுக்குத்தான் அவள் மகள் ஜுலைகாவைப் பேசியிருந்தார்கள். ஜுலைகாவுக்கும் பிடித்துப்போய், அந்தப் பேச்சு எடுத்தாலே அடுப்படிக்குள் ஓடி ஒளிகிற கட்டம்.

“அவரைப் பத்தி என்னங்க பேசினீங்க?”

“அவரைப் பத்தி இல்லை, மகனைப் பத்தி. அவன் பக்கத்துல போய் நின்னா கடைசல் மெஷினுக்கே தூக்கம் வந்துடும்னு சொன்னேன். சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடிதான்.”

“அதை இப்பப் போய்ச் சொல்லப்போறீங்களா?”

“மறைச்சு வச்சா கல்பு கறுத்துடும், மஜீதா.”

மஜீதா சற்று யோசித்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“அப்ப நானும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். தெருப் பொம்பளைங்ககிட்ட உங்களைப் பத்திப் பேசிட்டேன்.”

“அடடா! கேளு, கேளு.” தாராளமாகச் சாய்ந்துகொண்டார். “விவரமாச் சொல்லு. அப்பத்தான் சுத்தமாகும்.”

“பள்ளிவாசல்ல நாலு பேர் பார்த்தா உங்க தொழுகை ரயில் மாதிரி நீளுது. வீட்டுல தனியா தொழுதா, அடுப்புல வச்ச பால் பொங்கறதுக்குள்ள முடிச்சுடறீங்க. அதனால நான் பாலைப் பார்க்கவே வேண்டியதில்லை, நீங்க பாயைச் சுருட்டினா பாலை இறக்கிடலாம்னு சொன்னேன்.”

சாய்ந்தவர் நிமிர்ந்தார். “யார்கிட்ட?”

“பொறுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க.”

“யார் சிரிச்சா?”

“எல்லாரும்தான். பொறுத்துக்கிட்டீங்களா?”

கலீல் பாய் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அன்று மக்ரிப் கூட்டுத் தொழுகைக்குப் பின் அவரவர் தனியாகத் தொழுவதை அவர் நீளமாகத் தொழுவதா, சுருக்கமாகத் தொழுவதா? நீட்டினால் மஜீதா சொன்னது உண்மை. சுருக்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பாவம், நடுவில் எத்தனை ரக்அத், எத்தனை சுற்று ஆயிற்று என்பதே மறந்துவிட்டது.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார். மஜீதா சோற்றைப் போட்டாள்.

“கட்டின பொண்டாட்டி சொன்னதே உங்களுக்குத் தொண்டையில இறங்கலை. ஹனீஃபா பாய்க்கு இறங்குமா? புள்ளையோட வாழ்க்கைங்க.”

“அப்ப என் கல்பு?”

“எந்தக் கடைவாசல்ல அந்தப் பையனைத் தாழ்த்திப் பேசினீங்களோ, அங்கேயே போய் நல்லதா நாலு வார்த்தை பேசுங்க. அவனுக்காக துஆ கேளுங்க. வெள்ளிக்கிழமை பயான்ல அதைத்தானே சொன்னாங்க? வீடு வரைக்கும் ஒலிபெருக்கியில கேட்டுச்சே. நீங்க முன்வரிசையில உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க!”

நல்லதாக நாலு வார்த்தையா? கலீல் பாய்க்கு வியர்த்தது. கெட்டதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னதை ஒப்புக்கொள்வதும் சுகம்தான், இரண்டாம் முறை சொன்ன மாதிரி ஆயிற்று. அடுத்தவன் மகனைப் புகழ்வதற்குத்தான் நாக்கு புரளவில்லை. ஆனாலும் போனார். “பையன் நிதானமானவன்” என்று கடைவாசலில் ஒருவழியாகச் சொல்லிவிட்டு, பல் பிடுங்கிய கையோடு வருகிறவர் போல வந்தார்.

மறுநாள் ஹனீஃபா வீட்டில் மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் மஜீதா தம்ளரை நங்கென்று தரையில் வைத்தாள். கடைசியில் அந்தப் பிடிக்காத சொல்லையே பிடித்துக்கொண்டார்: “ஏதாச்சும் தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.” ஹனீஃபா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். ஹஜ்ஜிலிருந்து வந்ததும் நிக்காஹ் என்று முடிவாயிற்று.

இதோடு கலீல் பாய் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் இந்த இனத்தை அறியாதவர்.

ஜங்ஷனில் வழியனுப்பக் கூட்டம். மாலைகளுக்கு நடுவிலிருந்து மனைவியின் காதில், “யார் முதல்ல சிரிச்சான்னு நீ இன்னும் சொல்லலை” என்றார். ரயில் நகர்ந்தது. அவ்வளவுதான், ஜன்னல் வழியே பாதி உடம்பு வெளியே வந்தது.

“ஹனீஃபா பாய்! உங்க மகனைப் பத்தி ஒரு பெரிய விஷயத்தை அப்படியே முழுங்கிட்டேன்! செத்தாலும் சொல்ல மாட்டேன்!”

ரயில் போய்விட்டது. பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

“என்னம்மா அது?” என்றார் ஹனீஃபா.

மஜீதா கண் இமைக்கவில்லை. “மாப்பிள்ளை மேல அவருக்கு அவ்வளவு உசந்த எண்ணம்ண்ணே. முகத்துக்கு நேரா புகழக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டாரு.”

“என்ன பக்குவம்!” ஹனீஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பொய்யைக் கழுவ மஜீதா எந்த வீட்டு வாசலுக்கும் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். பொங்குகிறதா என்று அன்று அவளேதான் பார்க்க வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்து, நீங்கள் லேசாகச் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை. தயவுசெய்து அதை அவரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள்.

கால் துறுதுறுக்கிறதா?