குடம் தூக்கும் தண்டனை

மதிப்புக்குரிய அர்த்தனாரி மாமா அவர்களுக்கு,

கோகிலவாணி எழுதுவது. உங்கள் முட்டிவலியும் அத்தையின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பா மட்டும் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை என்பதால் அவர் சுகமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போனில் சொல்லலாம்தான், டவர் கிடைக்கிற பாறையில் நான் ஏறினால் பாதி ஊர் பின்னாலேயே ஏறுகிறது. அதனால்தான் இதை முள்ளுக்குறிச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாம் நீங்கள் செய்த வேலை. பொங்கலுக்கு வந்தவர் ஊர்க்கூட்டத்தில், "எங்கக்கா புள்ள காலேஜ் படிச்சிருக்குதுங்க, நோட்டு எழுதட்டுங்க" என்று சொல்லிவிட்டு மதிய பஸ்ஸைப் பிடித்துவிட்டீர்கள். அன்றிலிருந்து வாய்க்கால் வருகை நோட்டு என் தலையில். ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஓர் ஆண் வந்து ஊற்று வாய்க்காலில் சருகு அள்ள வேண்டும். வராத வீட்டுக்கு இரண்டு நாள் குழாயை அடைத்துவிடுவார்கள். தூங்குவது ஆண், குழாய் அடைபட்டதும் குடத்தோடு ஊற்றுக்கு ஏறி இறங்குவது பெண். ஒருமுறை அப்பாவுக்குப் பதிலாக அம்மா மண்வெட்டியோடு போய் நின்றாள். "பொம்பளைய ஆளாக் கணக்கு வெக்க முடியாதுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் சுமக்க, அப்பா, "தண்டனைன்னா கட்டுப்படணும்" என்று கட்டிலில் படுத்தபடியே கட்டுப்பட்டார்.

கூட்டத்தில் பேச எனக்கு நாக்கு எழாது, உங்களுக்குத் தெரியும். நோட்டில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: 'வராத ஆளே இரண்டு நாளும் குடம் சுமக்க வேண்டும்.' ஊர்க்கவுண்டர் அண்ணாமலை பெரியப்பா நோட்டைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், "நல்லாத்தான் எழுதியிருக்குது புள்ள" என்று கையெழுத்துப் போட்டார். அவரே போட்ட பிறகு மற்றவர்கள் எங்கே படிப்பார்கள்?

போன ஞாயிறு வராதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா, இன்னொருவர் ஊர்க்கவுண்டர். "வந்தாருன்னு போட்ரு கண்ணு, கவுண்டரு வராட்டியும் வந்த மாதிரிதான்" என்றார் கருப்பண்ணன் சித்தப்பா. நான் உள்ளபடியே எழுதிவிட்டேன். அந்த வரியையும் அதன் கீழே இருந்த கையெழுத்தையும் நோட்டைத் திறந்து காட்டியதும் இருவராலும் மறுக்க முடியவில்லை. அப்பா குடத்தைத் தோளில் வைப்பதா தலையில் வைப்பதா என்று தெரியாமல் பாதித் தண்ணீரைத் தன்மேலேயே ஊற்றிக்கொண்டார். ஊரே சிரித்தது. ஊர்க்கவுண்டர் குடத்தைத் தொட்டதுமே நாலு பேர் பாய்ந்தார்கள். "நான் கொண்டாரனுங்க!" "காலைல நீதான கொண்டாந்த, தள்றா!" என்று குடத்துக்கு அடிபிடி. பெண்டாட்டிக்கு ஒரு செம்பு மொண்டு கொடுத்தறியாத கைகள் மாமா அவை!

இப்போது குற்றவாளி நான். படித்த திமிராம். ஞாயிறு கூட்டத்தில் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டு அந்த வரியை அடிக்க வேண்டுமாம். இல்லையென்றால் எங்கள் குழாய் ஒரு மாதம் அடைப்பு. வராதவர்களுக்கு இரண்டு நாள், உள்ளதை எழுதியவளுக்கு ஒரு மாதம்! முதல் பஸ்ஸுக்கே வந்து என்னை இந்த நோட்டிலிருந்து விடுவியுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். உங்களுக்கு மீசை இருக்கிறது.

அத்தைக்கு வணக்கம், குழந்தைகளுக்கு அன்பு. உங்களுக்கும் வணக்கம்தான், கொஞ்சம் கோபத்தோடு.

இப்படிக்கு,
கோகிலவாணி

பி.கு.: கவரை ஒட்டும்போது ஊர்க்கவுண்டர் சம்சாரம் பாப்பாயி பெரியம்மா கொல்லைப்புறமாக வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். "அந்த வரிய அடிச்சுப்போடாத சாமி. கண்ணாலமாகி முப்பத்தஞ்சு வருசத்துல இப்பத்தான் தண்ணி எங்க ஊட்டு அடுப்படிக்கே வந்துச்சு. வர்ற ஞாயித்துக்கெழம அவர எழுப்பவே மாட்டேன். வரலைன்னே எழுது. உங்க கொழாய எவன் அடைக்கறான்னு நான் பாத்துக்கறேன்" என்றார். பின்னால் நின்ற ஏழெட்டுப் பெண்களும் எழுப்பப் போவதில்லையாம். "அப்ப சருகு?" என்றேன். "நாங்க ஒரு மணி நேரத்துல அள்ளிப்போடுவோம். அவுங்களுக்குப் பீடி பத்த வெக்கவே அது பத்தாது." ஆகவே நீங்கள் வரவே வேண்டாம் மாமா. அப்பாவிடமும் மூச்சு விடாதீர்கள். அம்மா இப்போதே அவர் போனில் ஞாயிற்றுக்கிழமை அலாரத்தை எப்படி அணைப்பது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.