எங்கிருந்து மேடம்

தூத்துக்குடிக்கு வந்த எந்தப் பொருளும் ‘எங்கிருந்து மேட’த்திடம் பூர்வீகம் சொல்லாமல் ஊருக்குள் நுழைந்ததில்லை, கடல்காற்றைத் தவிர. அதையும் கேட்டிருப்பார். அது நிற்காமல் போய்விட்டது.

நான் வேலை பார்ப்பது ஒரு தகர ஆலையின் ஆபீஸில். வெளிநாட்டிலிருந்து தாதுவை இறக்கி, உருக்கிக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கே விற்கிறோம். உங்கள் செல்போனுக்குள் பற்றவைத்திருக்கும் ஈயத்தில் எங்கள் தகரமும் இருக்கலாம். வாங்குகிற நாடுகள் சட்டம் போட்டன: ஆயுதக் கும்பல்கள் சுரங்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொள்ளையடிக்கும் தாது இதில் கலக்கக் கூடாது, கலக்கவில்லை என்று விசாரித்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக முதலாளி அண்ணாச்சி ஓட்டப்பிடாரத்திலிருந்து பிடித்து வந்தவர்தான் மேடம். நாங்களும் பத்தோடு பதினொன்றாக ஒரு சீல் என்று நினைத்தோம்.

அவரோ அந்தக் கேள்வியை வீட்டுக்கும் கொண்டுபோனார். திரேஸ்புரத்தில் சீலா மீனைத் தூக்கிப் பிடித்து, “இது எங்கிருந்து? யார் வலை?” என்று குடைந்ததில் மீன்காரம்மா கூடையை மூடிவிட்டாள். “ஏளா, ஒனக்கு மீனு வேணுமா, மீனோட குலம் கோத்திரம் வேணுமா?”

தங்கை மகள் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் சங்கிலியை நீட்டினார்கள். “இந்தத் தங்கம் எந்த நாட்டுச் சுரங்கம்?” என்றார் மேடம். திருட்டு நகை என்கிறாரோ என்று மாப்பிள்ளையின் அம்மா மயங்கியே விழுந்தார். தெளிந்ததும் மேடம் சோடா கொடுத்து, மெதுவாகக் கேட்டாராம்: “கடைக்காரர் நம்பர் இருக்கா?”

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம், அந்தக் கன்டெய்னர்கள் வரும்வரை. ஆப்பிரிக்கத் தாது, நல்ல தரம், மலிவு. துறைமுகத்தில் வந்து நின்றாயிற்று. விற்றவன் காட்டிய சுரங்கம் சண்டை நடக்கும் இடத்தில் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம், அமைதியான நாட்டில். காகிதமெல்லாம் கச்சிதம்.

“காகிதம் கெடக்கட்டும். குழியைக் காட்டச் சொல்லுங்க” என்று மேடம் வீடியோ காலில் உட்கார்ந்துவிட்டார். விற்றவனின் ஆள் போனோடு மலையேறினான். அங்கே பெரிய பள்ளம், நிறையத் தண்ணீர், இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வாத்துகள்.

“இது சொரங்கமா, கொளமா?” என்றார் மேடம் பச்சைத் தமிழில். மொழிபெயர்க்க அவசியமே இல்லாமல் போன் அணைந்தது.

விடாமல் குடைந்ததில் விற்றவனே கடைசியில் ஒப்புக்கொண்டான். தாது எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு. குழி வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு வந்தது.

அண்ணாச்சி துடித்துப் போனார். “உருக்கிட்டா எல்லாத் தகரமும் ஒண்ணுதானம்மா? யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி.”

“வேற ஆளை வச்சிக் கையெழுத்து வாங்கிக்கிடுவேன்.”

“தாராளமா வாங்குங்க. அவுக கிட்ட அந்த வாத்தைப் பத்திச் சொல்லிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்.”

கன்டெய்னர்கள் திரும்பிப் போயின. உலை அணைந்தது. ஆலையில் மேடத்தைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொண்டார்கள். புன்னைக்காயல் மீனவக் குடும்பத்துக்காரரான உலை மேஸ்திரி மிக்கேல் நேரே அவர் மேஜைக்கு வந்தார்.

“எங்கயோ எவனோ சாவுதாம்னு எங்க வீட்டு அடுப்பை அணைச்சிட்டியளே மேடம்?”

மேடம் எழுந்து நின்றார். “மேஸ்திரி, நீங்க பிடிச்ச மீனைக் கரையில ஒருத்தன் துப்பாக்கியைக் காட்டிப் பறிச்சி, அதை வித்த காசுல உங்க ஊரையே எரிக்கான். அந்த மீனை நான் வாங்கலாமா?”

மேஸ்திரி யோசித்தார். “வாங்கக் கூடாதுதான். ஆனா ஒருத்தருமே மீன் வாங்காட்டா, பிடிக்கிற நாங்க என்னத்தத் திங்க?”

மேடம் நேரே அண்ணாச்சி அறைக்கு நடந்தார். நான் பார்த்து அவர் எதிர்க்கேள்வி கேட்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.

அன்றே அண்ணாச்சியோடு மல்லுக்கட்டி, உலை ஓடாத நாளுக்கும் பாதிக் கூலி வாங்கிக் கொடுத்தார். பிறகு போனை எடுத்தார். அதே சண்டைப் பகுதியிலேயே, துப்பாக்கிக்காரர்களை அண்டவிடாமல் தோண்டுகிறவர்களே சங்கம் வைத்து நடத்தும் குழி ஒன்றாவது இருக்கும் என்றார். தேடினார், தேடினார், அப்படித் தேடினார். ஒன்று அகப்பட்டது. அவரா நம்புவார்? சங்கத் தலைவர், தோண்டுகிறவர்கள், லாரிக்காரர், குழிக்குப் பக்கத்தில் டீ விற்கும் பெண் என்று மொழிபெயர்ப்பாளரின் தொண்டை கட்டும்வரை விசாரித்தார். தனக்குத் தெரிந்த ஆள் ஒருவரை நேரில் அனுப்பியும் பார்த்தார். கடைசியில் டீக்காரப் பெண்ணே வீடியோ காலில் மேடத்தைக் கண்டால் கையாட்டும் அளவுக்கு உறவாகிவிட்டார்கள்.

அந்தத் தாது வந்த காலையில் ஆலையே உலையடியில் கூடியிருந்தது. மேடம் மட்டும் தூரத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். தன்னோடு யாரும் பேசமாட்டார்கள் என்று பயம். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

“யக்கா, அங்கன என்ன செய்தீய? வந்து மொத மூட்டையைப் பிரிங்க.”

அதுவரை அந்த ஆலையில் அவரை ஒருவரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. மேடம் வந்தார். சாக்கின் தையலைப் பிரிக்கக் கை வரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“கண்ணுல பொகை பட்டுட்டு” என்றார்.

“ஆமாக்கா, பொல்லாத பொகை” என்றோம், அண்ணாச்சி உட்பட அத்தனை பேரும். உலையை இன்னும் பற்றவைக்கவே இல்லை.