ஏட்டு வாங்கிய கருப்பட்டி அடி

போலீஸ்காரரை அடித்தவர்கள் பொதுவாக அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. நான் சொல்வேன். பட்டப்பகலில், கோவில்பட்டி மார்க்கெட்டில், ஊரே பார்க்க அடித்தேன். அந்த மனிதருக்குத் தலை வீங்கியதில் வருத்தம் உண்டு. அடித்ததில் இன்றுவரை இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி வந்த புதிது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததால், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வேறு. அந்தக் கோடையில் ஊரெல்லாம் செயின் பறிப்பு. இரண்டு பேர் பைக்கில் வருவார்கள். பின்னால் இருப்பவன் இழுப்பான். வண்டி கயத்தாறு பக்கம் பறந்துவிடும். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் தாலிச் செயினும் அப்படித்தான் போனது. அக்காவை நான்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன்.

“வீட்ல எங்கயாச்சும் கழத்தி வச்சிருப்பீங்க. நல்லாத் தேடிப் பாருங்க” என்றார் அங்கே உட்கார்ந்திருந்த போலீஸ்காரர். அக்கா கழுத்தில் செயின் அறுத்த சிவப்புத் தடத்தைக் காட்டினேன். “வேர்க்குருவா இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் தெருவில் ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. ‘பெண்கள் நகைகளை முந்தானையால் மூடிக்கொள்ளவும். தனியாக நடமாட வேண்டாம்.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “களவாங்குதவன் நிமிந்து திரியுதான். நாங்க மூடிக்கிட்டு வீட்ல கெடக்கணுமாக்கும்?” என்று வாசலில் நின்று கத்தினேன். (ஆட்டோ அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருந்தது.) அன்றிலிருந்து வேண்டுமென்றே செயினை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் நடந்தேன்.

ஒருநாள் மார்க்கெட்டில் கருப்பட்டி வாங்கி வயர் கூடையில் போட்டுக்கொண்டு திரும்பினால், கைலி கட்டிய ஓர் ஆள் என் பின்னால் வருகிறான். வெங்காயக் கடையில் நின்றேன், நின்றான். வாழைக்காய்க் கடைக்குப் போனேன், வந்தான். கண் முழுக்க என் கழுத்தில். ‘செல்வி அக்கா, உனக்காக’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கூடையைச் சுழற்றினேன். கருப்பட்டி எவ்வளவு கெட்டியான பொருள் என்று அன்றுதான் தெரிந்தது.

“களவாணிப்பய!” என்று நான் கத்த, கூட்டம் சேர்ந்துவிட்டது.

“யம்மா, நான் போலீசு!” என்றார் அவர், தலையைப் பிடித்துக்கொண்டு.

“நீரு போலீசுன்னா நான் கலெக்டரு” என்றார் வெங்காயக் கடை அண்ணாச்சி.

அவரை நடுவில் விட்டு ஊர்வலமாகப் போனோம். முன்னால் நான், ஜான்சி ராணி நடை. ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த இன்ஸ்பெக்டரிடம், “திருடனப் புடிச்சாச்சு சார்!” என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை. “என்னய்யா ஏட்டு, என்ன ஆச்சு?” என்றார்.

எனக்குப் பின்னால் இருந்த கூட்டம் எப்படிக் கரைந்தது என்று தெரியவில்லை. வெங்காயக் கடைக் கலெக்டரையும் காணவில்லை.

உள்ளே உட்காரவைத்தார்கள். கருப்பட்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். “செயின் வெளிய மின்னிக்கிட்டுக் கெடந்துச்சு. களவாணி எப்பிடியும் இவுகளத்தான் தேடி வருவான்னு மஃப்டில பின்னால போனேன் சார்” என்றார் ஏட்டு, தலையில் ஈரத்துணியோடு.

ஆள் சொல்லி என் வீட்டுக்காரரும் ஓடிவந்தார். வந்தவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, “சார், அது கவரிங் செயின். நெசச் செயின அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா” என்று உளறிவிட்டார்.

என் வீரத்தின் லட்சணம் வெளியே வந்துவிட்டது. ஏட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “கவரிங்குக்கா நான் இந்த அடி வாங்குனேன்?”

“ஏட்டி, ஒரு மன்னிப்புக் கேட்டுரு. வீட்டுக்குப் போவோம்” என்றார் இவர்.

“எதுக்குக் கேக்கணும்? என்னயத் தூண்டில் புழுவா வச்சு மீன் புடிக்கப் பாத்திருக்காவ. புழுகிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமா? இந்த ஸ்டேஷன்காரவிய மொதல்ல செல்வி அக்கா புகார எழுதட்டும். பெறவு கேக்கேன்.”

இன்ஸ்பெக்டர் அதட்டினார். வழக்குப் போடுவேன் என்றார். “போடுங்க. கோர்ட்ல ஏட்டய்யா யாருகிட்ட, எதால அடி வாங்குனாருன்னு அவரே சொல்லட்டும்” என்றேன்.

ஏட்டு அவசரமாக, “சார், அந்த அம்மா புகாரை எழுதிரலாம் சார்” என்றார்.

செல்வி அக்கா வந்து, புகார் எழுதி, ரசீது கைக்கு வந்த பிறகுதான் எழுந்தேன். சொன்ன சொல் மாறாமல், “தலைல பட்டதுக்கு மன்னிச்சிருங்க ஏட்டய்யா” என்றேன். தலைக்கு மட்டும்தான்.

சில மாதம் கழித்துக் கயத்தாறு பக்கம் அந்த இருவரும் பிடிபட்டார்கள். புகார் பதிவாகியிருந்ததால் அக்காவைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னார்கள். கோர்ட்டுக்கு அலைந்து செயினை வாங்கினாள். வீட்டில் நன்றாகத் தேடச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட மற்ற பெண்களை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் குடும்பத்தில் அன்று முதல் என் பெயர் ஏட்டம்மா. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கொழுந்தனாரின் புதுச் செருப்பைக் காணவில்லை. “ஏட்டம்மாவக் கூப்பிடுங்க!” என்று பந்தியில் ஒரே சிரிப்பு. நான் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். சம்பந்தி வீட்டு மாமா காலில் கிடந்தது.