நாற்பதுக்கு நாற்பது

வியாழக்கிழமை மகளுக்குச் செவிப் பரீட்சை. திங்கள் மாலை வரை அதற்கு ஒரு பழைய வினாத்தாள்கூட அகப்படவில்லை. மோக் கின்-பாங் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டான்.

டியூஷன் சென்டர் ஒன்றில் பழைய வினாத்தாள்களை நகலெடுத்துக் கட்டுக் கட்டாகப் பின் அடித்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. பாலர் பள்ளி நேர்முகத்துக்கே மாதிரித் தாள் கிடைக்கிற ஹாங்காங்கில், இதற்கு மட்டும் கிடைக்காதா என்ன?

ஹெய்-துங்குக்கு ஆறு வயது. இரண்டு காதிலும் கருவி. மணியடித்தால் திரும்புவாள், பேச்சுதான் பிரியாது. எதிரே நின்று சொன்னால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அறுவைச் சிகிச்சை செய்து காதுக்குள்ளேயே கருவி வைக்கும் பட்டியலில் அவள் பெயர் நிற்குமா என்பது இந்தப் பரீட்சையில் தெரிந்துவிடும். செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாடம் சொன்னால் அவள் யார் உதட்டைப் பார்ப்பாள்?

கடைசியில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ புண்ணியவான் பரீட்சை அட்டைகளைப் படமெடுத்து அனுப்பினான். நாற்பது அட்டை, அட்டைக்கு நாலு படம். காதில் விழும் சொல்லுக்குரிய படத்தைக் குழந்தை தொட வேண்டும். அவர்களுடைய கான்டனீஸ் மொழியில் ‘டாங்’ என்பதை ஒரு தொனியில் சொன்னால் சூப்பு, இன்னொரு தொனியில் மிட்டாய். மூன்று நாளும் வீட்டில் சூப்பும் மிட்டாயுமாகவே போயிற்று.

வியாழனன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே கொட்டுகிற மழை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பரீட்சை வைக்கும் யிம் மேடம் முகக்கவசம் போட்டு, திரையைக் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் மகள். அவள் முதுகுக்குப் பின்னால் கின்-பாங்.

“அப்பா வாயே திறக்கக் கூடாது!” என்றார் மேடம்.

அவன் திறக்கவில்லை. மூச்சைக்கூட அளந்துதான் விட்டான். ஒலிபெருக்கியில் சொல் ஒவ்வொன்றாக வர, மகளின் விரல் ஒவ்வொரு படமாக நகர்ந்து, தயங்கி, தொட்டது. நாற்பதுக்கு நாற்பது!

“ஆபரேஷன் எப்போ மேடம்?”

“ஆபரேஷனா? அது காது கேக்காத குழந்தைக்குங்க. இவளுக்கு இந்தக் கருவியே போதும். பேரை எடுத்துடறேன்.”

நல்ல மார்க் வாங்கினால் இடம் கிடைக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் அவன் வாழ்க்கையில் கேள்விப்பட்டதில்லை.

வீட்டில் மனைவி லாய்-க்வான் சோற்றைக் கிளறிக்கொண்டே பிடித்துக்கொண்டாள். “நகலெடுத்து நகலெடுத்து உங்க மூளையும் தேஞ்சு போச்சா? ஜெயிச்சுத் தோத்த ஒரே ஆளு நீங்கதான்!”

“இன்னொரு தடவை வெக்கச் சொல்றேன். இந்தத் தடவை பாரு.”

கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாரத்தில் மறு பரீட்சைக்கு நாள் வாங்கினான். மகளை எதிரே நிறுத்தி, “துங்-துங், எல்லாத்தையும் தப்பாத் தொடணும், சரியா?” என்றான். அவள் தலையாட்டினாள். பெற்ற மகளைத் தோற்கச் சொன்ன அன்று அவன் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை.

அதே அறை, மகளுக்குப் பின்னால் அதே இடத்தில் அவன். இந்த முறை பூஜ்யம்.

யிம் மேடம் முகக்கவசத்தைக் கழற்றினார். “கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே நாலுல ஒண்ணு சரியா வரும் சார். நாற்பதும் தப்புன்னா, நாற்பதுக்கும் சரியான விடை தெரியுதுன்னு அர்த்தம். என்ன விளையாட்டு இது?”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “தப்பு என்மேலதான் மேடம். அட்டையெல்லாம் முன்னாடியே நான் சொல்லிக்குடுத்துட்டேன்.”

“தாராளமாச் சொல்லிக்குடுங்க. நாலு படத்துல எந்தச் சொல்லைச் சொல்றதுன்னு மெஷின்தான் அப்பப்போ முடிவு பண்ணுது. காதுல விழாம இப்படிச் செய்யவே முடியாது. உங்க பொண்ணுக்குக் கேக்குது சார், சந்தோஷப்படுங்க.” ஃபைலை மூடப் போனார்.

கேட்கிறதா? ஆறு வருடமாக நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமா? கின்-பாங் மண்டியிட்டு மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

“துங்-துங், நெசமாவே உனக்குக் கேட்டுச்சா?”

அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். அப்புறம் தடுப்புக் கண்ணாடியைக் கை காட்டினாள்.

“ஒண்ணுமே கேக்கலப்பா. அதுல உங்க மூஞ்சி தெரிஞ்சுது. எந்தப் படத்துக்கு விரல் போனா நீங்க சந்தோஷப்பட்டீங்களோ, ரெண்டு தடவையும் அதைத்தான் தொட்டேன்.”